பந்தைத் திருப்பிப் பார்

1984 ஆகஸ்டில், மேற்படிப்புக்காகப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், ஃபோர்ப்ஸ் குவாட்ராங்கிள் என்ற பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வகுப்பறை தேடி அலைந்துகொண்டிருந்தேன். நடக்கிற தரையில் ஓரிடத்தில் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதற்கடியில் ஐந்து மூலையோடு ஒரு வெள்ளைப் பலகை. பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது. வாசிக்க நேரமில்லை. கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்றால் யாரோ பெரியவருடைய பாதமாக இருக்கும் என்று நினைத்து, மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனேன்.

அது பேஸ்பால் மைதானத்தின் ‘ஹோம் பிளேட்’ என்று அறைத்தோழன் சொல்லித்தான் தெரிந்தது. மட்டை பிடிப்பவர் நிற்கும் இடம். மூன்று முனைகளையும் சுற்றி ஓடி வந்து அதை மிதித்தால்தான் ஓர் ஓட்டம். 1909 முதல் 1970 வரை ஃபோர்ப்ஸ் ஃபீல்டு என்ற மைதானம் அங்கே இருந்தது. 1960 அக்டோபர் 13 அன்று, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதியில், பில் மாஸரோஸ்கி அடித்த பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டி விழுந்தது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 10, நியூயார்க் யாங்கீஸ் 9. மைதானத்தை இடித்த பிறகும் சுவரில் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. ஒவ்வோர் அக்டோபர் 13 அன்றும் ரசிகர்கள் அதன் அருகே கூடி, அந்த ஆட்டத்தின் வானொலி வர்ணனையை ஒலிபரப்பிக் கேட்கிறார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் வள்ளி யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்துகொண்டுதானே விடிய விடிய நாடகம் பார்க்கிறோம். சுற்றிக்கொண்டு போனதில் தப்பில்லை என்று எனக்குப் பட்டது.

படிப்பு முடிந்து அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. உலோகத்தை அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குறிப்பெழுதும் வேலை. மனைவியும் சின்ன மகனும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பென் ஹில்ஸில் இருக்கிற வெங்கடாசலபதி கோயில் பக்கம் என்பதற்காகவே அந்தத் திசையில் வீடு பார்த்தோம். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் வேலை பார்த்தவர். 1986-ல் ஆலையை மூடியதும் வீட்டோடு இருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் கூடத்தில் நடக்கும் கார்டு சந்தையில் ஒரு மேஜை வாடகைக்குப் பிடித்து, பழைய பேஸ்பால் கார்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்காருவார். என் முழுப் பெயரையும் சொல்லப் பழகிய ஒரே அமெரிக்கர் அவர்தான். ஆபீசில் அதை இரண்டு எழுத்தாக வெட்டிவிட்டிருந்தார்கள்.

முதல் தடவை அவர் மேஜை முன்னால் நின்றபோது எனக்கு என் தெருப்புழுதி ஞாபகம் வந்தது. கோவில்பட்டிப் பக்கம் நாங்கள் விளையாடிய காசு, காலி சிகரெட் பெட்டியின் அட்டைதான். வட்டம் போட்டு நடுவில் அட்டையை அடுக்கி, தட்டைக் கல்லால் அடித்து வெளியே தள்ளினால் நமக்கு. எல்லாக் கடை வாசலிலும் கிடக்கிற சார்மினாருக்கு மதிப்புக் கம்மி. எப்போதாவது பஸ்ஸிலிருந்து இறங்குகிற வெளியூர்க்காரர் எறிந்துவிட்டுப் போகும் பெட்டிக்கு மதிப்பு ஜாஸ்தி. யாரும் சொல்லித் தரவில்லை. அரிதானது எது என்று எட்டு வயதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு தீபாவளிக்கு வீடு ஒழித்தபோது என் அட்டை மூட்டை முழுவதையும் அம்மா வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள்.

இதைச் சொன்னதும் பெரியவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். “உங்கம்மாவுமா?” என்றார். அந்த ஊரில் கார்டு சேர்த்த ஆண்கள் அத்தனை பேரும் சொல்லும் கதை அது. ராணுவத்துக்குப் போய்த் திரும்பினேன், கல்லூரி போய்த் திரும்பினேன், அம்மா பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டாள். “அம்மாக்கள் போடாமல் இருந்தால் இந்தச் சந்தையே கிடையாது” என்றார். அன்று அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அந்த வியாபாரத்தின் அடிப்படைக் கணக்கே அதுதான் என்று புரியப் பின்னால் எனக்குச் சில நூறு டாலர் செலவானது.

அவருடைய கார்டுகளும் சிகரெட் பெட்டியிலிருந்துதான் பிறந்தவை. பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே செருகிய அட்டையில் ஆட்டக்காரர் படத்தை அச்சிட்டார்கள். அந்த வகையில் பேர்பெற்றது, அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட வரிசை. சேகரிப்பவர்கள் அதை டி-206 என்பார்கள். ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கும் அகலம். நம் தீப்பெட்டியை நிறுத்தி வைத்ததைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். அதில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் கார்டுதான் உலகத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட கார்டு. வாக்னர் பிட்ஸ்பர்க்காரர். பக்கத்து ஊரான கார்னெகியில் வாழ்ந்து அங்கேயே 1955-ல் இறந்தவர். அவர் மறுத்ததால் கார்டை அச்சிடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் படத்துக்காகச் சிகரெட் வாங்குவதை விரும்பவில்லை என்று ஒரு கட்சி. காசு தராமல் படம் போட்டதால் கோபம் என்று இன்னொரு கட்சி. அவரே புகையிலை மெல்லுகிறவர் என்று இரண்டாம் கட்சி சிரிக்கும். இன்று கைக்குக் கிடைப்பவை சுமார் 60.

அந்தக் கார்டில் பெரியவர் எனக்குக் காட்டியது வேறு. ஒரு புத்தகத்தில் அதன் படத்தை விரித்து, சட்டையில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் படிக்கச் சொன்னார். நான் “பிட்ஸ்பர்க்” என்றேன். “எழுத்துக் கூட்டிப் படி.” கடைசியில் ‘ஹெச்’ இல்லை. அரசு அதிகாரிகள் ஊர்ப் பெயரிலிருந்து அந்த எழுத்தை எடுத்திருந்த காலம் அது. ஊர்க்காரர்கள் போராடி 1911-ல் திரும்பப் பெற்றார்கள். “யாராவது உனக்கு ஹெச் போட்ட வாக்னரை விற்க வந்தால் போலீசைக் கூப்பிடு” என்றார். கார்டைப் பார்க்கும் முதல் பாடம் எனக்கு அப்படித்தான் ஆரம்பமானது.

அதற்கப்புறம் பாடம் வாராவாரம் நடந்தது. நகை ஆசாரி கண்ணில் செருகும் லென்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. கார்டின் மதிப்பை நான்கு இடத்தில் பார்க்க வேண்டும் என்பார். மூலை: கூராக இருக்கிறதா, பஞ்சாகப் பிரிந்திருக்கிறதா. விளிம்பு: வெள்ளைக் கீறல் உண்டா. பரப்பு: மடிப்பு, கீறல், பபிள்கம் கறை. மையம்: நாலு பக்கமும் வெள்ளைக் கரை ஒரே அளவா, படம் ஒரு பக்கம் சாய்ந்து அச்சாகியிருக்கிறதா. கடைசியாகச் சொன்னது அச்சகத்தின் குற்றம். பையன் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. இதையெல்லாம் கூட்டி 1 முதல் 10 வரை மார்க். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு கார்டுகளில் எட்டுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு காரின் விலை இருக்கலாம்.

ஆய்வுக்கூடத்தில் நான் செய்வதும் இதுதான் என்பதால் எனக்கு வேகமாகப் பிடிபட்டது. ஒன்றில் மட்டும் அவர் என்னைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தார். ஒரே வருடக் கார்டு பத்தை அடுக்கிக் கையில் கொடுத்து, “இதில் ஒன்றை வெட்டியிருக்கிறார்கள், எது?” என்பார். தேய்ந்த மூலையைக் கூராக்க, ஓரத்தில் ஒரு மயிரிழை சீவிவிடுவது இந்தத் தொழிலின் பழைய களவு. லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். “ஏழாவது.” மற்றவை வயதால் மழுங்கியிருக்கும், வெட்டியது நகத்தில் இடறும். இரும்புத் தகட்டின் விளிம்பைத் தடவி வாழ்ந்த விரல்.

1991-ல் ஒருநாள் பேப்பரை எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தார். ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி, இன்னொருவரோடு சேர்ந்து, ஒரு வாக்னர் கார்டை ஏலத்தில் 4,51,000 டாலருக்கு வாங்கியிருந்தார். பிஎஸ்ஏ என்ற தரமிடும் நிறுவனம் அந்த வருடம்தான் தொடங்கியது. அவர்கள் முதன்முதலாக மதிப்பிட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடி எண் கொடுத்த கார்டு அதுதான். பத்துக்கு எட்டு. வாக்னர் கார்டில் அவ்வளவு நல்ல மூலையை யாரும் கண்டதில்லை. சந்தையில் அப்போதே முணுமுணுப்பு இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்துக் காட்டிவிட்டுப் போனார். 2013-ல், அந்தக் கார்டை முன்பு விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அதன் ஓரங்களை வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். கேட்டுச் சிரிக்கப் பெரியவர் இல்லை.

மகன் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டுக்குள் கார்டு நுழைந்தது. அது வெறிபிடித்த காலம். ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர் 1984-ல் ஆரம்பித்த விலை மாத இதழைப் பத்து வயதுப் பையன்கள் பங்குச் சந்தைக்காரர்கள் போலப் படித்தார்கள். விலை ஏறினால் மேல்நோக்கி அம்புக்குறி, இறங்கினால் கீழ்நோக்கி. 1989-ல் அப்பர் டெக் என்ற புதுக் கம்பெனி பளபளப்பான தாளில், போலி செய்ய முடியாதபடி ஹோலோகிராம் ஒட்டி வெளியிட்டது. அதன் முதல் எண் கார்டு, அப்போது பத்தொன்பது வயதான கென் கிரிஃபி ஜூனியர். மகனுக்கு அது ஒரு பாக்கெட்டில் கிடைத்த அன்று வீட்டில் பாயசம் வைக்காததுதான் குறை.

எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. 1952-ல் ஐந்து சென்ட் பாக்கெட்டில் வந்த மிக்கி மேன்டில் கார்டு பல்லாயிரம் டாலருக்குப் போகிறதே, 1989-ல் பெட்டி பெட்டியாக வாங்கி மூடி வைத்தால் மகன் கல்லூரிக்குப் போகும்போது உதவாதா? மூன்று வருடம், பிரிக்காத பெட்டிகளாக வாங்கி நிலவறையில் அடுக்கினேன். “ஏங்க, இதுக்குப் பேசாம ரெண்டு பவுன் வாங்கியிருக்கலாம்” என்றாள் மனைவி. பெரியவர் நிலவறையை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “இதையெல்லாம் எந்த அம்மா தூக்கிப் போடப் போகிறாள்?”

நான் காதில் வாங்கவில்லை. 1952 மேன்டில் ஏன் அரிது? அந்த வருடம் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட வரிசையில் மொத்தம் 407 கார்டு. 311-ம் எண் மேன்டில், கடைசிப் பகுதியில் வந்தது. அது கடைக்கு வந்து சேர்வதற்குள் ஆட்டப் பருவம் முடிந்து பையன்கள் கால்பந்துக்குத் தாவிவிட்டார்கள். விற்காத பெட்டிகள் புரூக்ளின் கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்தன. 1960-ல் அவற்றைக் குப்பைப் படகில் ஏற்றி, நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். விற்காதது கடலுக்குப் போனது, விற்றது அம்மாக்களின் குப்பைத்தொட்டிக்குப் போனது. தப்பியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் மூலை கெடாத ஒன்றை 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்தார்கள்.

1989-ல் நிலைமை தலைகீழ். கம்பெனிகள் போட்டி போட்டு அச்சடித்தன. என்னைப் போன்ற லட்சோபலட்சம் அப்பாக்கள் நிலவறையில் அடுக்கினார்கள். ஒருவரும் ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. அந்தக் காலக் கார்டுகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மெழுகுக் குப்பை’. பாக்கெட்டின் மெழுகுத் தாளைச் சொல்கிறார்கள். மகன் கல்லூரிக்குப் போனபோது பெட்டிகளை விற்கப் பார்த்தேன். ஒரு கடைக்காரர், கொண்டுவந்து இறக்கினால் போதும், காசு கேட்காமல் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஊர்ப் புழுதியில் எட்டு வயதில் தெரிந்திருந்த சார்மினார் கணக்கை முப்பத்து மூன்று வயதில் மறந்துபோயிருந்தேன்.

கார்டில் பட்ட அடி காசோடு போயிற்று. பந்தில் பட்டதுதான் இன்னும் வலிக்கிறது.

பிட்ஸ்பர்க்கில் பிழைக்கப் போகும் எவருக்கும் ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே யார் என்று ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும். பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து பைரேட்ஸுக்கு 18 பருவங்கள் ஆடியவர். 1972 செப்டம்பர் 30 அன்று 3,000-வது ‘ஹிட்’ அடித்தார். லீக் ஆட்டங்களில் அதுவே அவரது கடைசி ஹிட். அந்த டிசம்பரில் நிகரகுவாவில் நிலநடுக்கம். அனுப்பிய நிவாரணப் பொருள்களைத் திருடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானே கூடப் போவதாக டிசம்பர் 31 இரவு விமானம் ஏறினார். கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. என்னை அவரோடு ஒட்டவைத்தது வேறொரு சின்ன விஷயம். 1957 முதல் 1969 வரை டாப்ஸ் கார்டுகளில் அவர் பெயர் ‘பாப் கிளெமென்ட்டே’. அவர் தன்னை ரொபெர்ட்டோ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அச்சடிப்பவர்களுக்கு அது நாக்கில் வரவில்லை. ஆபீஸ் கதவில் இரண்டெழுத்துப் பெயர்ப் பலகையோடு உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தக் கார்டுகளைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும்.

1992 கோடையில், ஊருக்கு வெளியே பழைய சாமான் சந்தையில், ஒருவர் மேஜையில் துருப்பிடித்த ரெஞ்சுகளுக்கும் பீங்கான் நாய்களுக்கும் நடுவில் கண்ணாடிக் கனசதுரத்தில் ஒரு பந்து. நீலப் பேனாவில் ‘ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே’ என்று முழுப் பெயர். அதுவும் தையல்கள் நெருங்கி வரும் குறுகலான இடத்தில். சேகரிப்பவர்கள் அதை ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்பார்கள். தனிக் கையெழுத்து அங்கே விழுந்திருந்தால் விலையே வேறு. மாமா ஆலையில் வேலை பார்த்தவர், மைதானத்தில் வாங்கியது என்றார் விற்பவர். விலை 140 டாலர்.

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. பெரியவரிடம் படித்தவன். அந்தக் காலப் பந்துகளில் லீக் தலைவரின் பெயர் அச்சிட்டிருக்கும். அதை வைத்துப் பந்தின் வயதைக் கணிக்கலாம். நேஷனல் லீக் என்றால் ஃபோர்டு ஃப்ரிக் 1951 வரை, வாரன் கைல்ஸ் 1969 வரை, ஃபீனி 1970 முதல் 1986 வரை. பந்தைத் திருப்பினேன். ஃபீனி. கிளெமென்ட்டே 1972 கடைசி நாள்வரை இருந்தார். மூன்று வருட இடைவெளி இருக்கிறது; பொருந்துகிறது. நெஞ்சு படபடத்தது. பேரம் பேசினால் யோசிப்பாரோ என்று பயந்து கேட்ட காசைக் கொடுத்தேன்.

அன்று மாலையே வேலியோரம் கொண்டுபோனேன். பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பந்தை வாங்கினார். கையெழுத்தை அவர் பார்க்கவே இல்லை. அதை உள்ளங்கைப் பக்கம் மறைத்து, பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலை நகத்தால் நெருடினார். முகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டி, ஒரு முத்திரைமேல் விரலை வைத்தார்.

“இதைப் படி.”

“ராலிங்ஸ்.”

“பந்து செய்த கம்பெனி. நேஷனல் லீகுக்கு 1976 வரை பந்து கொடுத்தது ஸ்பால்டிங். ராலிங்ஸ் வந்தது 1977-ல்.” கொஞ்சம் நிறுத்தினார். “அவர் கடலில் விழுந்து நாலு வருஷத்துக்கப்புறம்.”

எனக்கு வாயில் ஈரமில்லை. அவர் விடவில்லை. 1974 முதல் பந்துக்கு மாட்டுத் தோல், அதற்கு முன் குதிரைத் தோல் என்றார். இது மாட்டுத் தோல். கையெழுத்துப் போட்டவன் பாதி தெரிந்தவன். ஃபீனி பெயர் பொருந்தும் என்பது வரை பார்த்துப் பந்து தேடியிருக்கிறான். “வாங்கினவனும் பாதி தெரிந்தவன்” என்று நானே சொல்லிக்கொண்டேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. “நீ எதைத் தேடினாயோ அது கிடைத்ததும் திருப்புவதை நிறுத்திவிட்டாய். பெயரை அப்புறம் படி. முதலில் பந்தைப் படி.”

மறுநாள் அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். ஆயிரம் தடவை போட்டுப் பழகிய கையெழுத்தில் கோடு ஓட்டத்தில் மெலியும், திருப்பத்தில் அழுந்தும், முடிவில் வால் போலப் பறக்கும். இதில் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே கனம். நடுநடுவே மை குட்டையாகத் தேங்கி நின்றது. பக்கத்தில் எதையோ வைத்துப் பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறான். அது எழுத்தே இல்லை, படம். இதையெல்லாம் வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் லென்ஸில் பார்த்திருக்கலாம். லென்ஸ் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

நான் ஏமாந்தது தனிக் கதை இல்லை என்று சில வருடத்தில் தெரிந்தது. 1990-களில் எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்று ஒரு புலன்விசாரணை நடத்தி, கலிபோர்னியாவில் போலிக் கையெழுத்துகளை மொத்த வியாபாரமாகச் செய்த ஒரு கும்பலைப் பிடித்தது. அவர்களுடைய சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பாலும் இருந்தது. கொல்கத்தாவில் தொழுநோயாளிகளுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தவர் எந்த மைதான வாசலில் நின்று பந்தில் கையெழுத்துப் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. வாங்க ஆள் இருந்தது. இந்த விவகாரத்துக்குப் பிறகு 2001 முதல் பேஸ்பால் லீக் ஒரு புது ஏற்பாடு செய்தது. போலீஸ் வேலையில் இருக்கிற, இருந்த ஆட்கள் சாட்சியாகப் பக்கத்தில் நிற்பார்கள். அவர்கள் கண்ணெதிரே போட்ட கையெழுத்துக்கு மட்டும் எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டுவார்கள். நம் ஊர்ப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து கேட்பதுபோலத்தான். சாட்சி இல்லாத பழைய காலத்துக்கு மையும் தோலும் முத்திரையும்தான் சாட்சி. பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 அக்டோபரில். பழைய ஆட்டக்காரர் லூ கெரிக் இறந்தது 1941 ஜூனில். பால்பாயின்டில் போட்ட கெரிக் கையெழுத்தை யாராவது நீட்டினால் இந்த இரண்டு தேதியே போதும்.

பெரியவர் 2004-ல் எண்பதாவது வயதில் காலமானார். வேறு மாநிலத்திலிருந்து வந்த மகள், கார்டுகளை மதிப்பிட்டுத் தரச் சொல்லி என்னைக் கேட்டார். ஒரு வியாபாரி அதற்குள் மொத்தமாக ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்று ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பட்டியல் போட்டேன். வியாபாரி சொன்னதைப்போல நாலு மடங்கு வந்தது. முக்கால்வாசி, 1933-ல் கௌடி கம்பெனி ஒரு சென்ட் பபிள்கம்மோடு கொடுத்தவை. ஒன்பது வயதுப் பையனாகப் பெரியவர் வாங்கியவை. மூலைகள் உருண்டு போயிருந்தன. பேப் ரூத் கார்டு ஒன்றில் குறுக்கே ஆழமான மடிப்பு. சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி, படபடவென்று சத்தம் வர ஓட்டியிருக்கிறார். பத்துக்கு ஒன்று தேறும். மடிப்பிருந்தும் பட்டியலில் அதற்குத்தான் அதிக விலை.

அந்த வரிசையில் மொத்தம் 240 எண். ஆனால் 1933-ல் 106-ம் எண் எந்தப் பாக்கெட்டிலும் வரவே இல்லை, கம்பெனி அச்சடிக்கவில்லை. வரிசையை முடிக்க முடியாமல் பிள்ளைகள் கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கோபித்துக் கடிதம் போட்டவர்களுக்கு, அடுத்த வருடம் நாப் லாஜவே என்ற பழைய ஆட்டக்காரரின் படத்தை 106 என்று அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். இவருக்கு வரவில்லை. மூன்று சென்ட் தபால் தலைக்கு அப்பா காசு தரவில்லை என்று எழுபது வயதிலும் மனத்தாங்கலாகச் சொல்வார். ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளில் அந்த எண்ணுக்குரிய பையைக் காலியாக விடாமல் ஒரு வெள்ளைத் தாளை அதே அளவில் வெட்டிச் செருகியிருந்தார். அதில் பென்சிலால்: ‘106. என்னிடம் இல்லை.’ நகல் அச்சு எத்தனையோ மலிவாகக் கிடைக்கிறது. அதை அவர் வைக்கவில்லை.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் என் மேஜை டிராயரில் கிடந்த பந்து உறுத்த ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடமாக அதை வைத்திருந்தேன். தூக்கிப் போட மனமில்லை, கொடுத்த காசு. விற்கவும் மனமில்லை. ஆனால் எனக்குப் பிறகு? மகன் டிராயரைத் திறப்பான். ‘அப்பா கிளெமென்ட்டே ரசிகர், அவர் வைத்திருந்த பந்து’ என்பான். சந்தை மேஜையில் நான் கேட்ட ‘மாமா ஆலையில் வேலை பார்த்தவர்’ என்ற கதைக்கு நானே அடுத்த மாமாவாகிவிடுவேன். போலிக்கு வயதாக ஆகத்தான் பலம். அதைச் செய்தவனை விட, தெரிந்தும் சும்மா வைத்திருந்தவன் அதற்கு அதிகம் உதவி செய்கிறான்.

அழியாத மைப் பேனா ஒன்று எடுத்து, கிளெமென்ட்டே பெயருக்கு மேலேயே ‘போலி’ என்று பெரிதாக எழுதினேன். விடுமுறைக்கு வந்திருந்த மகன் எட்டிப் பார்த்தான். “அப்பா, தமிழ்ல எழுதினா இங்க யாருக்குப் புரியும்?” நியாயம்தான். பந்தைத் திருப்பி, ராலிங்ஸ் முத்திரைக்குப் பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதினேன்: இந்தப் பந்து 1977-க்கு முந்தியது அல்ல. கீழே, ஆபீஸ் வெட்டிய இரண்டெழுத்து இல்லாமல், என் முழுப் பெயரைத் தமிழில் போட்டுத் தேதியிட்டேன். அந்தப் பந்தில் இருக்கிற உண்மையான கையெழுத்து அது ஒன்றுதான்.